பட்டியல் போடாத புத்தகங்கள் குவிந்துகொண்டே போகின்றன, என்ன செய்வது?

அடுத்த கேள்வி, ஒரு நூலகப் பணியாளர் கேட்டிருக்கிறார். "எங்கள் கேட்லாக் பிரிவில் மூன்று பேர் இருக்கிறோம். ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை. அப்படியும் பட்டியல் போடாத புத்தகங்கள் அறை முழுக்கக் கிடக்கின்றன. இன்னும் வேகமாக வேலை செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?"

உண்டுங்க. வேகத்தில் உங்களிடம் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாப் புத்தகத்தையும் ஒரே வரிசையில் நிறுத்துவதால்தான் இந்தத் தேக்கம்.

வண்டியில் ஐம்பது புத்தகம் வருகிறது. முதல் புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண்ணைக் கணினியில் அடித்ததும் வேறொரு நூலகம் போட்டு வைத்த மார்க் பதிவு, அதாவது கணினி படிக்கும் வடிவில் உள்ள நூல் விவரம், கிடைத்துவிடுகிறது. அதை இறக்கி, 245 என்ற புலத்தில் தலைப்பு, 250-ல் பதிப்பு, 300-ல் பக்கங்கள் எல்லாம் கையில் இருக்கும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, நம் நூலகம் அந்தப் பிரதிக்குக் கொடுக்கும் சேர்க்கை எண்ணைச் சேர்த்தால் சில நிமிடத்தில் முடிந்தது. அடுத்த புத்தகத்தில் ஐஎஸ்பிஎன் இல்லை, ஆண்டு இல்லை, ஆசிரியர் பெயர் அட்டையில் ஒரு விதம், உள்ளே ஒரு விதம். பதிவை நாமே முதலிலிருந்து எழுத வேண்டும். ஒரு மணி நேரம் போய்விடும். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று அதைத் தனியாக எடுத்து வைக்கிறோம். உங்கள் அறையில் அந்த 'அப்புறம்' அலமாரி நிச்சயம் இருக்கும். அங்கே ஒரு புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், 'பெயர் பார்க்கவும்' என்று பென்சிலில் எழுதிய துண்டுச்சீட்டு உள்ளே இருக்கும். எழுதியவர் எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார்.

அதனால் வண்டி வந்ததுமே பிரித்துவிடுங்கள். பதிவு கிடைப்பவற்றை ஒருவர் அன்றைக்கே முடிக்கட்டும். கிடைக்காதவற்றுக்குத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, சேர்க்கை எண், இத்தனையும் வைத்து ஒரு சிறு பதிவு போட்டு, இருப்பிடம் 'பட்டியல் பிரிவு' என்று காட்டுங்கள். மார்க் பதிவின் தொடக்கத்தில் வரும் லீடர் என்ற பகுதியில் 17-ஆம் இடம் இதற்காகவே இருக்கிறது. அங்கே 7 என்று போட்டால் குறைந்தபட்சப் பதிவு என்று அர்த்தம். முழுமையாக்க வேண்டியவற்றைப் பிறகு அந்தக் குறியை வைத்தே மொத்தமாக எடுத்துவிடலாம். யாராவது ஒரு புத்தகத்தைக் கேட்டால், அது வரிசையில் முதலில் வரட்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு நூலகத்தில் ஓர் ஆய்வு மாணவி ஒரே புத்தகத்தை இரண்டு முறை கேட்டு வந்தார். இரண்டு முறையும் "எங்களிடம் இல்லையம்மா" என்று சொல்லி அனுப்பினோம். அது எங்கள் அறையிலேயே, என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே விதியாக எழுதி வைத்தார். பதிவே இல்லாத நூலுக்கு வாசகர் எப்படி வருவார்?

சிறு பதிவு கடைசிவரை சிறு பதிவாகவே நின்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். வாரத்தில் ஒரு காலைப்பொழுதை அதற்கென்றே ஒதுக்குங்கள், அன்றைக்கு வேறு வேலை வேண்டாம். ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள், ஆசிரியர் பெயர். நூல் எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்பைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பெயரை இரண்டு வடிவில் போட்டுவிட்டால் ஓர் ஆசிரியர் இரண்டு பேராகிவிடுவார், அவருடைய நூல்களில் பாதி தேடுபவர் கண்ணில் படாது.

அப்புறம், வாரத்துக்கு எத்தனை வருகிறது, எத்தனை வெளியே போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். 120 வந்து 100 போனால், ஐம்பது வாரத்தில் 1,000 புத்தகம் தேங்கும். அந்தத் தாளை உங்கள் தலைமை நூலகரிடம் காட்டுங்கள், ஆள் கேட்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. கூடவே, நன்கொடைப் பெட்டிகளை, வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யாமல் உங்கள் அறைக்கு அனுப்பக் கூடாது என்றும் கேளுங்கள்.

பழைய குவியலுக்கு, இந்த வாரமே அந்த 'அப்புறம்' அலமாரியில் ஐஎஸ்பிஎன் உள்ளவற்றை மறுபடி தேடிப் பாருங்கள். நீங்கள் ஒதுக்கி வைத்த நாளில் கிடைக்காத பதிவை, இதற்குள் யாரோ எங்கோ போட்டிருப்பார்கள்.