கடிக்கட்டும், அந்த ஷூதான்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பழைய மாடல் கூடைப்பந்து ஷூ வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அழகா, சுகமா? அழகுதான். தீர்ப்பை இப்போதே எழுதிவிடலாம்.

எதிரணித் தம்பி போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "அண்ணன் அணி ஷூவுக்கு ஏத்தபடி காலை வெட்டச் சொல்லுது." நீங்களும் கைதட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தம்பி, வெட்டவில்லை. ஆனால் ரத்தம் வந்த கதை ஒன்று இருக்கிறது.

1998 மார்ச் 8. நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். அந்த சீசனில் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் பெயரில் வந்திருந்தது 13ஆவது ஷூ மாடல், புத்தம் புதுசு. மனுஷன் அதை ஓரம்கட்டிவிட்டு, 1985இல் வந்த முதல் மாடலை மாட்டிக்கொண்டு இறங்குகிறார். ஏன்? தன் அணியான சிகாகோ புல்ஸின் சட்டையோடு அந்த அரங்கில் ஆடுவது இதுதான் கடைசியாக இருக்கும் என்ற நினைப்பு. பாதி ஆட்டத்துக்குள் காலில் ரத்தம். கழற்றினாரா? நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறேன், கழற்ற மாட்டேன் என்று இருந்துவிட்டார். நடுவர் அவர்களே, திரும்பவும் சொல்கிறேன். காலில் ரத்தம். கழற்றவில்லை. எடுத்த புள்ளி? 42!

"சுகமான ஷூ போட்டிருந்தா 60 எடுத்திருப்பாரு" என்று தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. எடுத்திருக்கலாம். அந்த 60ஐப் பற்றி நான் இங்கே பேசியிருப்பேனா?

அப்புறம், இன்று கான்வர்ஸ் சக் டெய்லர், அடிடாஸ் சூப்பர்ஸ்டார் மாதிரி பழைய கூடைப்பந்து ஷூக்களைப் போட்டுக்கொண்டு யார் பந்து விளையாடுகிறார்கள்? டீக்கடைக்குப் போகிறோம். அதற்கு எதுக்கு மெத்தை?

சரி, சிரித்தது போதும். எங்கள் அப்பா ஒவ்வொரு ஜூனிலும் பி.டி. வகுப்புக்கு வெள்ளைக் கேன்வாஸ் வாங்குவார். ஒரு சைஸ் பெரிது. "கால் வளரும்டா." முனையில் பேப்பர் திணித்துக்கொள்வேன். சுகத்துக்கு என்ன குறை, கால் உள்ளே நீச்சலே அடிக்கும். ஜோர்டானின் சிவப்புக் கறுப்பு ஷூவைப் பத்திரிகையிலிருந்து வெட்டி நோட்டு அட்டைக்குள் ஒட்டி வைத்திருந்தேன். அப்பா பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்டதில்லை.

போன வருஷம் அதே ஷூவை வாங்கி, போட்டுக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். 78 வயசு. குனிய முடியாமல் குனிந்து, அந்தக் காலத்தில் செய்த மாதிரியே முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இடம் இருக்காடா?"

"நிறைய இருக்குப்பா."

பொய்.

மணி அடித்துவிட்டீர்கள், இறங்குகிறேன். தம்பி, படி வரைக்கும் கொஞ்சம் கை கொடுங்க, இன்னைக்கும் அதைத்தான் போட்டிருக்கேன்.