பீரோவில் கிடந்த லென்ஸுக்காக வாதாடுகிறேன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, புதுச்சேரிப் பெரியோர்களே, வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து கெடிலத்தையும் பெண்ணையாற்றையும் தாண்டி வந்திருக்கிறேன். இன்றைய டிஜிட்டல் கேமராவுக்கு ஏற்ற துணை பழைய பிலிம் லென்ஸா, புதிய ஆட்டோபோகஸ் லென்ஸா என்பது தலைப்பு. பழைய லென்ஸே என்பது என் கட்சி. சட்டைப்பையில் சாட்சியும் இருக்கிறது. அதை அப்புறம் காட்டுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு கதை சொன்னார். ஆசைப்பட்டு ஒரு பழைய லென்ஸ் வாங்கினாராம். கடற்கரைச் சாலைக்குப் போய்ப் படம் எடுத்தாராம். காந்தி சிலைக்குக் கீழே நின்ற பெண் தெளிவாக வந்தாள், பின்னால் அடிவானம் மட்டும் எவ்வளவு திருகியும் தெளியவே இல்லை, லென்ஸ் கிழடு என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

தம்பி, அதை எந்தக் கேமராவில் மாட்டினீர்கள்? அவரே சொன்னார், நிக்கான் டிஎஸ்எல்ஆரில், உள்ளே மிரர் வைத்த கேமராவில். சரி, கணக்குக்கு வருவோம். லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும், அதாவது மவுண்ட்டுக்கும், பிலிமுக்கும் (இன்று சென்சாருக்கும்) நடுவே இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று வைத்துத்தான் ஒவ்வொரு லென்ஸையும் செய்திருக்கிறார்கள். உங்களுடையது போலத் திருகு மரை வைத்த எம்42 லென்ஸுக்கு அது 45.46 மில்லிமீட்டர். நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5. இரண்டையும் இணைக்கும் அடாப்டர் என்று ஒன்றை மாட்டுவதற்கு முன்பே லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நிற்கிறது. கிட்டே உள்ளது தெளியும், தூரத்துக் கடல் தெளியாது. கிழடு தட்டியது லென்ஸுக்கு இல்லை, அளவு பார்க்காமல் செய்த சம்பந்தம் அது. இதைச் சரிக்கட்ட நடுவே ஒரு சின்ன கண்ணாடி வைத்த அடாப்டரும் கிடைக்கும். பெரும்பாலும் அது படத்தை இன்னும் கொஞ்சம் மழுங்கடிக்கத்தான் செய்யும்.

மிரர்லெஸ் கேமராவில் கதையே வேறு. உள்ளே இருந்த மிரரை எடுத்துவிட்டதால் அந்தத் தூரம் சுருங்கிப்போனது. சோனி இ மவுண்ட்டில் 18 மில்லிமீட்டர், கேனான் ஆர்எஃப்பில் 20, நிக்கான் இசட்டில் 16. மீதி இடைவெளியை நிரப்ப வெறும் உலோகக் குழாய் போதும். கண்ணாடி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். சோனிக்கு 27.46 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு குழாய். எந்தப் புதுக் கேமரா பழைய லென்ஸை ஒழிக்கப்போகிறது என்று பயந்தோமோ, அதுதான் அதற்குக் கதவு திறந்து விட்டது. மாட்டியதும் கேமரா "லென்ஸே இல்லை" என்று அடம்பிடிக்கும். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழட்டும் என்று மெனுவில் ஒரு வரி இருக்கும், அதைத் தட்டிவிட்டால் முடிந்தது. பாடிக்குள்ளேயே நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால், லென்ஸின் குவியத்தூரம் 58 மில்லிமீட்டர் என்றால் 58 என்று எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். அதற்குத் தானாகத் தெரியாது, பாவம்.

அடுத்து, தாலி கட்டும் நேரத்தில் கையால் திருகிக்கொண்டு நிற்பீர்களா என்று கேட்டார். நான் கல்யாண வேலை பார்ப்பவன். தாலி கட்டுவதை ஆட்டோபோகஸில்தான் எடுக்கிறேன். ஒத்துக்கொள்கிறேன், நடுவர் குறித்துக்கொள்ளட்டும். ஆனால் தம்பி, உங்கள் அப்பா அம்மா கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படம் இருக்கிறதா இல்லையா? அதை எடுத்தவரிடம் எந்த ஆட்டோபோகஸ் இருந்தது? ரோலுக்கு 36 படம், தப்பினால் தப்பியதுதான்.

அவர்கள் எப்படி எடுத்தார்கள் என்பதில்தான் என் வழக்கே இருக்கிறது. பழைய லென்ஸின் கழுத்தைப் பாருங்கள். மீட்டரும் அடியும் செதுக்கியிருக்கும். பக்கத்திலேயே இரண்டு புறமும் 4, 8, 16 என்று கோடுகள். இந்தத் துளை அளவுக்கு இங்கிருந்து இதுவரை தெளிவாக இருக்கும் என்று லென்ஸே எழுதி வைத்திருக்கிறது. புது லென்ஸ்கள் பலவற்றில் வளையம் முடிவே இல்லாமல் சுற்றும், ஓர் எண்கூட இருக்காது. மோட்டார் பார்த்துக்கொள்ளும், உனக்கு எதற்கு என்கிற மாதிரி.

மாசிமகத்துக்கு தேவனாம்பட்டினம் வந்திருக்கிறீர்களா? சுற்று ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு இறங்கும். தோள், கை, குடை, பூமாலை எல்லாம் நம் முகத்துக்கு நேரே வந்து போகும். ஆட்டோபோகஸ் யாரைப் பிடிப்பது என்று தேடும். சாமியைப் பிடிக்கச் சொன்னால் ஐஸ் விற்பவரைப் பிடிக்கும். நான் அங்கே அப்பாவுடைய 28 மில்லிமீட்டர் லென்ஸைக் கொண்டுபோகிறேன். பிலிம் அளவே சென்சார் உள்ள முழு பிரேம் கேமரா, துளை அளவு எஃப்/8, போகஸ் வளையத்தை மூன்றேகால் மீட்டருக்குச் சற்று மேலே வைத்துவிடுவேன். ஒன்றரை மீட்டர் தாண்டியதிலிருந்து கடல் வானத்தைத் தொடும் இடம் வரை தெளிவு. அப்புறம் அந்த வளையத்தைத் தொடுவதே இல்லை. பட்டனை அழுத்துவது மட்டும்தான் வேலை. போகஸ் பண்ணவே தேவையில்லாத லென்ஸைவிட வேகமாக போகஸ் பண்ணும் மோட்டாரை எதிரணி கொண்டுவரட்டும், நான் இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆற அமர எடுக்கும் முகத்துக்கோ புதுக் கேமராவே உதவுகிறது. தெளிந்த விளிம்பில் வண்ணம் பூசிக் காட்டும், வேண்டுமென்றால் கண்ணிமையைப் பெரிதாக்கிக் காட்டும். இந்த வசதி அப்பாவுக்கு இல்லை. இன்று அதே லென்ஸில் நான் அவரைவிடத் துல்லியமாக போகஸ் பண்ணுகிறேன் என்றால் பெருமை எனக்கில்லை, திரைக்கு.

பழைய லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்றார்கள். உண்மைதான். நம் கடற்காற்றில் பூஞ்சை பிடிக்காதது எது? கேமராப் பையே பிடித்துப்போகிறது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசி டின்னில் மட்டும் வைக்காதீர்கள், தவிடு உள்ளே போகும். நான் வைத்துப் பார்த்தவன்.

இதோ சாட்சி. ஹீலியோஸ் 44-2, 58 மில்லிமீட்டர், எஃப்/2, சோவியத் நாட்டுச் சரக்கு. ஜெர்மனியின் பயோட்டார் லென்ஸைப் பார்த்துச் செய்தது. அப்பாவின் ஜெனிட் கேமராவில் வந்தது. கேமரா ஷட்டர் இறுகிச் செத்துப்போனது, இது பீரோவில் வேட்டிகளுக்கு நடுவே கிடந்தது. துளையை முழுசாகத் திறந்து, பாரதி பூங்கா மரத்தடியில் ஒருவரை நிறுத்தி எடுத்தால், பின்னாலிருக்கும் இலையும் வெளிச்சமும் முகத்தைச் சுற்றிச் சுழலும். வெயிலுக்கு நேரே காட்டினால் படம் வெளுத்துப்போகும், கையால் மறைத்துக்கொள்கிறேன். சுழல்வது லென்ஸின் குறைதான் என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும். அந்தக் குறை வேண்டும் என்று கேட்டுத்தான் போன வாரம் ஒரு ஜோடி கடலூருக்கு வந்தது.

நடுவர் அவர்களே, மேசைமேல் வைக்கிறேன். முன்வளையத்தைத் திருகிப் பாருங்கள். தீர்ப்பு சொன்னதும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நாளைக் காலை வில்லியனூரில் ஒரு வளைகாப்பு இருக்கிறது. நன்றி, வணக்கம்.