தானியங்கி ஃப்ளாஷும் பாறை மீனும்

நேயர்களுக்கு வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். மழை முடிந்து கடல் தெளிந்துவிட்டால் எல்லை தாண்டிப் போய் விழிஞ்ஞம், கோவளம் பாறைகளில் கேமராவோடு முங்குவது என் கிறுக்கு. அந்தக் கிறுக்கைப் பற்றித்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள், அதிலும் ஃப்ளாஷ் பற்றி.

தண்ணீருக்குள் ஃப்ளாஷ் எதற்கு என்று கேட்பீர்கள். முங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும், ஆழம் போகப் போக முதலில் காணாமல் போவது சிவப்பு. ஐந்தாறு மீட்டர் இறங்கினாலே செங்காவிப் பாறையும் மங்கிப்போய்த்தான் தெரியும். அந்த நிறத்தை மீட்க கேமராவிலேயே இருக்கும் குட்டி ஃப்ளாஷ் போதாது, வெளியே நீளக் கைகளில் மாட்டிய ஸ்ட்ரோப் என்கிற தனி ஃப்ளாஷ் வேண்டும். சரி, அது எவ்வளவு வெளிச்சம் கொட்டவேண்டும் என்று யார் சொல்வது, கேமராவா நாமா?

ஃபிலிம் காலத்தில் இது கேமராவின் வேலை. 1984-இல் வந்த நிக்கோனோஸ் 5 கேமராவில் ஃப்ளாஷ் வெளிச்சம் லென்ஸ் வழியாக வந்து ஃபிலிமில் பட்டுத் திரும்பும்போதே ஒரு சென்சார் அதை அளந்து, போதும் என்றதும் ஃப்ளாஷை நிறுத்திவிடும். டி.டி.எல். (through the lens, லென்ஸ் வழியாக அளப்பது) என்பது அதைத்தான். கையில் 36 படம்தான், தண்ணீருக்கடியில் ரோல் மாற்ற முடியாது, கரைக்கு வந்து கழுவினால்தான் விழுந்ததா இல்லையா என்றே தெரியும் என்ற நிலைமையில் அது பெரிய வரம்.

டிஜிட்டல் வந்ததும் அந்த வித்தை செல்லவில்லை. சென்சாரின் மேற்பரப்பு பளபளப்பானது, ஃபிலிம் போல வெளிச்சத்தைச் சீராகத் திருப்பாது. அதனால் ஷட்டர் திறக்கும் முன்பே ஒரு சின்ன ஃப்ளாஷ் அடித்து, திரும்பி வருவதை அளந்து, அப்புறம்தான் உண்மையான ஃப்ளாஷ். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

இங்கே என்னைக் கொஞ்சம் கல்யாண மண்டபத்துக்குப் போக விடுங்கள். மேடை ஓரத்தில் குடை வைத்த லைட் நிற்கும் பாருங்கள், அது வேறொரு ஃப்ளாஷைக் கண்டால் தானும் அடிக்கும். மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருவர் தன் சின்ன டிஜிட்டல் கேமராவோடு முன்னால் வந்தால் போதும், அதன் முன்-ஃப்ளாஷுக்கே என் லைட் வெடித்துத் தீர்ந்துவிடும், நான் தாலி கட்டும் படம் எடுக்கும்போது அது இன்னும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். பழைய ஸ்ட்ரோப்களுக்குக் கடலிலும் இதே கதைதான். இனான், சீ அண்ட் சீ போன்ற கம்பெனிகள் அதற்கு ஒரு வழி செய்தார்கள்: கேமராவின் ஃப்ளாஷ் ஃபைபர் கேபிள் வழியாக ஸ்ட்ரோபுக்குப் போகும், அது அடித்தால் இது அடிக்கும், அது நின்றால் இதுவும் நிற்கும், முன்-ஃப்ளாஷ் உட்பட. அழகான யோசனை.

ஆனால் கேமராவுக்கு மீன் தெரியாது, திரும்பி வந்த வெளிச்சம் மட்டும்தான் தெரியும். எங்கள் குழுவில் ஒருவர் ஃப்ளாஷை ஆட்டோவில் வைத்து ஒரு பாறை மீனைப் படம் எடுத்தார். பின்னால் வெறும் நீலத் தண்ணீர், அங்கிருந்து ஒன்றும் திரும்பி வராது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து கேமரா அள்ளிக் கொட்டிவிட்டது. படகில் இருந்த சிப்பி முங்குகிற பெரியவர் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "மக்களே, மீனுக்கு யாரு சுண்ணாம்பு அடிச்சது?" என்றார். அதே மீன் தன் வெள்ளிப் பக்கத்தை நேராகக் காட்டியிருந்தால் கேமரா சீக்கிரமே நிறுத்தி, படம் இருட்டாகியிருக்கும்.

அதனால் என் பேச்சு இதுதான்: கிட்டப் போய்ச் சின்ன உயிர் ஒன்றை ஃபிரேம் நிறைய எடுக்கிறீர்களா, ஆட்டோவை நம்பலாம். அகலமான காட்சி, பின்னால் திறந்த கடல் என்றால் மேனுவல், அதாவது ஃப்ளாஷின் பவரை நாமே வைப்பது. பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீருக்குள் ஃப்ளாஷ் எட்டுவதே ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர்தான். தூரம் பெரிதாக மாறாதபோது பாதி பவரில் ஒன்று எடுத்துப் பார்த்து, கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஃபிலிமில் முடியாதது இது, ஸ்கிரீன் கையிலேயே இருக்கிறது. வெறும் ஸ்கிரீனை நம்பாமல், படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமையும் பாருங்கள், இருட்டுத் தண்ணீரில் ஸ்கிரீன் எப்போதும் பிரகாசமாகத்தான் தெரியும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். ஸ்ட்ரோப் வைக்கும் இடம் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: லென்ஸுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், நன்றாக அகற்றி, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் நடுவில் மிதக்கும் தூசி எல்லாம் படத்தில் வெள்ளைப் புள்ளியாக வரும். நன்றி, வணக்கம்.