கால்வாயில் மிதக்கும் தெரு

வணக்கம் நேயர்களே. ஆம்ஸ்டர்டாம் நகரின் வடபகுதியில் பாய்க்ஸ்லோட்டர்ஹாம் என்று ஓர் இடம். முன்பு தொழிற்சாலைகள் நிறைந்திருந்த பகுதி, மண்ணெல்லாம் மாசு. அங்கே யோஹன் வான் ஹாசெல்ட் கால்வாயில் இன்று 30 மிதவைகளின் மேல் 46 குடும்பங்கள் வசிக்கின்றன. பல மிதவைகளில் இரண்டு குடும்பங்கள். குடியிருப்பின் பெயர் ஸ்கோன்ஸ்கிப். டச்சு மொழியில் 'சுத்தமான கப்பல்' என்று பொருள். பழைய குப்பையைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதற்கும் அங்கே அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள்.

மர்யான் தெ பிளாக் என்ற தொலைக்காட்சி இயக்குநர் 2008இல் தொடங்கிவைத்த யோசனை இது. முதல் வீடுகள் கால்வாய்க்கு வந்து சேர்ந்தது 2018 கடைசியில். ஆக, வீடு வருவதற்குப் பத்தாண்டு முன்பிருந்தே கூட்டம் போட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, ஒருவர் குணம் ஒருவருக்குத் தெரிந்துபோயிருந்தது.

அக்கம்பக்கத்தார் பழக வேண்டும் என்றால் நம் கட்டுமான நிறுவனங்கள் உடனே ஒரு பொதுக்கூடம் கட்டிவிடும். அது பெரும்பாலும் பூட்டியே கிடக்கும், பிறந்தநாள் விழாவுக்குத் திறக்கும். இங்கே மனிதர்களைச் சேர்த்துவைப்பது குழாயும் கம்பியும். தனியாக ஒரு வீடு நடத்த முடியாத சில வேலைகளை எல்லாருக்கும் பொதுவாக்கியிருக்கிறார்கள். தெருக்குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள்: சண்டையும் அங்கேதான், ஊர்ச்செய்தியும் அங்கேதான்.

முதலில் வீடு எப்படி மிதக்கிறது என்று பார்ப்போம். அடியில் இருப்பது கான்கிரீட் தொட்டி. வெறும் அண்டாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்கிறதே, அதே கணக்கு. ஓர் உதாரணம் போடுவோம். தொட்டி 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். தளமும் சுவரும் 20 சென்டிமீட்டர் கனம். கான்கிரீட் மட்டும் 60 டன் அளவுக்கு வரும். அதன் மேல் மரச்சட்டத்தில் 28 டன்னுக்கு ஒரு வீடு வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 90 டன். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் 60 சதுர மீட்டர். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன், அதனால் 90ஐ அந்த 60ஆல் வகுத்தால் ஒன்றரை. அதாவது தொட்டி ஒன்றரை மீட்டர் நீரில் அமிழும், அரை மீட்டர் வெளியே நிற்கும். பிறகு வீட்டுக்குள் சேரும் ஒவ்வொரு 600 கிலோவுக்கும் ஒரு சென்டிமீட்டர் இறங்கும்.

ஒரு சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. தொல்லை இறங்குவதில் இல்லை, சாய்வதில் இருக்கிறது. அதே 600 கிலோவைப் புத்தக அலமாரிகளாக ஒரே பக்கச் சுவரோரம் அடுக்கினால், இந்த அளவு வீடு ஏறத்தாழ ஒரு பாகை சாயும். அந்தப் பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் எட்டு சென்டிமீட்டர் வரை வித்தியாசம் வந்துவிடும். கதவு தானாகத் திறக்கும், குளியலறைத் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் மூலையில் தேங்கும். அதனால் வரைபடத்திலேயே சமையலறை, குளியல் தொட்டி, பேட்டரி, அலமாரி எல்லாவற்றின் எடையையும் எழுதி, நடுக்கோட்டிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கி, இரு பக்கமும் சமன் செய்ய வேண்டும். குடிபுகுந்த பிறகு சாய்ந்தால், எதிர்ப்பக்கம் தொட்டிக்குள் கான்கிரீட் கட்டிகளை வைப்பார்கள். பியானோ வாங்குகிறவர் முதலில் வீட்டைக் கட்டிய பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இந்த வீடுகளை வேறிடத்தில் கட்டி, நீர்வழியாக இழுத்து வந்தார்கள். வழியிலுள்ள மிகக் குறுகிய மதகும் மிகத் தாழ்ந்த பாலமும்தான் அப்படி வரும் வீட்டின் அகலத்தையும் உயரத்தையும் முடிவு செய்யும். வந்ததும் கால்வாய்த் தரையில் அடித்த எஃகுத் தூண்களில் வளையம் மாட்டிப் பிணைக்க வேண்டும். வளையம் தூணில் வழுக்கி ஏறி இறங்கும், வீடு பக்கவாட்டில் நகராது. ஆம்ஸ்டர்டாமில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கிழக்கே ஒராஞ்சே மதகுகளும் மேற்கே ஐமாய்டன் மதகுகளும் வந்த பிறகு, ஐ என்னும் நகர நீர்ப்பரப்பில் கடலின் ஏற்றவற்றம் கிடையாது. ஆண்டு முழுவதும் நீர்மட்டம் பெரிதாக மாறாது. மழைக்காலத்தில் பல மீட்டர் ஏறும் ஆற்றில் இதே வடிவத்தை அப்படியே வைத்தால் தூணின் உயரம், குழாயின் நீளம் எல்லாமே மாறிவிடும்.

இனி பொது விஷயங்களுக்கு வருவோம். வீடுகளை இணைக்கும் நடைமேடைதான் இந்தக் குடியிருப்பின் தெரு. ஸ்பேஸ் அண்ட் மேட்டர் என்ற கட்டடக் கலை நிறுவனம் வகுத்த திட்டத்தில் குடிநீர், மின்சாரம், கழிவுநீர் எல்லாம் இதை ஒட்டியே ஓடுகின்றன. வீட்டுக்கும் மேடைக்கும் நடுவே வளையும் குழாய்கள் வேண்டும். இறுக்கிப் பூட்டினால் வீடு அசையும்போது இணைப்பு பிய்ந்துவிடும். ரொம்பத் தொங்கவிட்டால் பள்ளமான இடத்தில் நீர் தேங்கி, பனிக்காலத்தில் உறைந்து குழாய் வெடிக்கும். குளிர்நாட்டில் இந்த ஒரு முழக் குழாயைத்தான் மிகக் கவனமாகப் போர்த்த வேண்டும்.

கழிப்பறை விமானத்தில் இருப்பதைப் போல உறிஞ்சும் வகை. சாதாரணக் கழிப்பறை ஒரு தடவைக்கு ஆறு லிட்டர் போல எடுக்கும். இது ஒரு லிட்டர் அளவில் முடித்துவிடும். நீர் மிச்சம் மட்டும் காரணமில்லை. வீடு நீர்மட்டத்தில், கரை அதைவிட உயரத்தில். கழிவு தானாக மேலே ஏறாது. உறிஞ்சினால் மெல்லிய குழாயிலும் மேலேறும். ஆனால் ஒரு வீட்டில் வால்வு சிக்கித் திறந்தே நின்றால் அந்த வரிசை முழுவதற்கும் உறிஞ்சும் வலு போய்விடும். எந்த வீடு என்று கண்டுபிடிக்கக் கிளைக் குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்து, அழுத்தமானி எப்போது பழைய நிலைக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். ஈரத்துடைப்பான் காகிதத்தைக் கழிப்பறையில் போட்டவர் யார் என்பது அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும்!

மின்சாரத்தில்தான் பெரிய துணிச்சல். 46 வீடுகளுக்கும் சேர்த்து நாட்டின் மின்கட்டமைப்போடு ஒரே ஓர் இணைப்பு. 500க்கும் மேற்பட்ட சூரியத் தகடுகள், வீடுகளில் பேட்டரிகள், கால்வாய் நீரிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் 30 பம்புகள். எரிவாயுக் குழாயே கிடையாது. ஒரு வீட்டில் மிஞ்சும் மின்சாரம் பக்கத்து வீட்டுக்குப் போகும். இப்படிக் குடியிருப்பே சொந்தமாக மின்வலை நடத்துவதற்கு அன்றைய சட்டத்தில் சாதாரணமாக இடமில்லை; சோதனைத் திட்டம் என்று தனி அனுமதி வாங்கினார்கள்.

கவனிக்க வேண்டியது குளிர்கால மாலை ஆறு மணி. வெயில் போயிருக்கும், எல்லா வீட்டிலும் அடுப்பு, எல்லா வீட்டிலும் வெப்பப் பம்பு. ஒற்றை இணைப்பின் தாங்குதிறனைத் தாண்டாமலிருக்க பேட்டரிகள் அந்நேரம் கைகொடுக்க வேண்டும், சில பம்புகள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பார்த்துக்கொள்ளும்தான். ஆனால் யாருடைய பம்பு முதலில் பொறுப்பது என்ற விதியை மனிதர்கள் உட்கார்ந்து பேசித்தான் எழுத வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு இது எல்லாருக்கும் ஏற்ற வழி என்று நினைத்துவிட வேண்டாம். பத்தாண்டு காத்திருக்கவும், மாலைநேரக் கூட்டங்களுக்கு அலுக்காமல் வரவும், வங்கி தயங்கும்போது சொந்தப் பணத்தைப் போடவும் முடிந்தவர்களுக்குத்தான் இது கைகூடும். வாடகை வீட்டுக்காரரை இதில் எப்படிச் சேர்ப்பது என்பது வேறு கணக்கு.

இதைப் போல ஒன்றைத் திட்டமிடுகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டியது ஒன்று: நள்ளிரவில் கழிவுநீரை உறிஞ்சும் பம்பு நின்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது, அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார், அடைப்பான்களின் சாவி எங்கே தொங்கும். நன்றி, வணக்கம்.