முதலில் ஒரு ரிப்பேர் வேலை கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வருகிறேன். 31 வருஷம் தபால் ஆபீஸில் முத்திரை குத்திய கை இது. ஞாயிற்றுக்கிழமையானால் அதே கை எங்கள் கோவில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும். இன்றைக்கும் கிட்டாரோடுதான் ஸ்டுடியோவுக்கு வந்திருக்கிறேன். பேசி முடித்ததும் கொஞ்சம் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் ஒரு வருஷம் போனதும் தவறாமல் ஒன்று கேட்பார்கள். "அக்கா, கையால செஞ்ச கிட்டார் ஒண்ணு வாங்கணும். லட்சமெல்லாம் குடுக்க முடியாது. எங்க கிடைக்கும்?" நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிக்காது. கிட்டார் செய்கிற ஆளைத் தேடாதே, பழுது பார்க்கிற ஆளைத் தேடு என்பேன். இன்றைக்கும் அதையேதான் சுற்றிச் சுற்றிச் சொல்லப் போகிறேன்.

என் கதை இப்படி. 2009-ல் கோயம்புத்தூரில் ஒரு கடையில் கிட்டார் ஒன்று வாங்கினேன். பார்க்க அத்தனை பளபளப்பு. முதல் மழைக்காலம் முடிவதற்குள் அதன் பிரிட்ஜ் தூக்கிக்கொண்டது. பிரிட்ஜ் என்றால் கம்பிகள் ஆறும் கீழே போய் மாட்டுகிற மரக்கட்டை. ஆறு எஃகுக் கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஒரு ஆள் ராவும் பகலும் அந்தக் கட்டையைப் பிடித்துத் தொங்குகிற மாதிரிதான். பசை சரியில்லை என்றால் தாங்குமா?

உங்கள் வீட்டில் கிட்டார் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். ஒரு தபால் கவரின் மூலையை எடுத்து, பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் செருகிப் பாருங்கள். காகிதம் உள்ளே போனால் பசை விட ஆரம்பித்துவிட்டது. இன்னொன்று, நடுவில் வட்ட ஓட்டை இருக்கிறதே, அதன் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடு அப்படியே விளிம்பில் இறங்கி உள்பக்கம் வரை போனால் முழுப் பலகை. விளிம்பில் அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் ப்ளைவுட். ப்ளைவுட் பாவம் அல்ல, கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது போதும். முழுப் பலகையின் விலை சொல்லி ப்ளைவுட்டை விற்பதுதான் பாவம்.

சரி, தூக்கிக்கொண்ட பிரிட்ஜை யாரிடம் கொண்டுபோவது? சித்தூர், தத்தமங்கலம் தாண்டினால் பெருவெம்பு. செண்டை, மத்தளம், மிருதங்கம் செய்கிற ஊர். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் சீமையில் மிருதங்கம் செய்ய ஆள் இல்லாமல் போகுமா? அந்தப் பக்கம் பலாமரத்தைக் குடைந்து செண்டைக் குற்றி செய்கிற ஆசாரி ஒருவர், மருமகனுக்காகக் கிட்டாரும் செய்து பார்த்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அவர் உடனே பசை எடுக்கவில்லை. பழைய பசை முழுவதையும் சுரண்டினார், மரத்தின் நிறம் தெரிகிற வரைக்கும். பிறகுதான் ஒட்டி இறுக்கிப்பிடித்து வைத்தார். மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "நாலு நாள் ஆகும் சேச்சி" என்றார். 150 ரூபாய்தான் வாங்கினார். அந்தப் பிரிட்ஜ் இன்றுவரை அசையவில்லை. இவரிடம் கிட்டார் செய்யச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது அந்த நாலு நாளில்தான். அதனால்தான் சொல்கிறேன், முதலில் ஒரு ரிப்பேர் வேலை கொடுங்கள். அவசரப்படுகிற ஆளா, பழைய பசையின் மேலேயே புதுப் பசை பூசுகிற ஆளா, எல்லாம் 150 ரூபாயில் தெரிந்துவிடும்.

2016 பங்குனியில் ஒரு கிட்டார் செய்து தரச் சொன்னேன். 24,000 ரூபாய், மூன்று தவணை. எனக்கு ஈட்டி மரத்தில் வேண்டும் என்று ஆசை. இங்கே வீட்டி என்பார்கள். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனியே 1969-ல் பிரேசில் ஈட்டியை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது. நம்ம மலையில் வளர்ந்த மரம், கடல் தாண்டிப் போய்க் கிட்டாராகத் திரும்பி வரும்போது விலை லட்சத்தில். ஆசாரி கையெடுத்துக் கும்பிட்டார். "வனத்துறைக் காகிதம் இல்லாத வீட்டி என் பட்டறைக்குள்ள வேண்டாம். பலா போதும்." தஞ்சாவூர் வீணையே பலாமரம்தானே, நமக்கென்ன குறை என்று ஒத்துக்கொண்டேன். மேல்பலகை மட்டும் ஸ்ப்ரூஸ், வெளிநாட்டு மரம். புத்தகத்தை விரித்த மாதிரி ஜோடியாக வரும் இரண்டு ஏடு. அதற்கே ஐயாயிரம் போய்விட்டது.

மூன்று மாசத்தில் தருவதாகச் சொன்னார். பதினோரு மாசம் ஆனது. பலகை வந்து சேர்ந்தபோது மழை பிடித்துவிட்டது. மழையில் நான் ஒட்டமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம்தான், ஆனால் விஷயம் அவர் பக்கம் இருந்தது. ஈரம் குடித்து உப்பிய பலகையை ஒட்டினால், மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கத்திக் காற்று வறட்டு வறட்டென்று வீசும்போது அது சுருங்கும். சுருங்க இடமில்லை என்றால் வெடிக்கும். காய்ந்த நாளில் ஒட்டினால் மழைக்குக் கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான். கையால் செய்த கிட்டார் வாங்க நினைப்பவர்கள் செய்கிறவரிடம் மரத்தின் பெயரைக் கேட்கிறார்கள். எந்த மாசத்தில் ஒட்டுவீர்கள் என்று கேளுங்கள்.

பக்கப்பலகையை வளைப்பதை நேரில் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்த பலாப் பலகையை நனைத்து, பழுக்கக் காய்ந்த இரும்புக் குழாயின் மேல் அழுத்துவார். புஸ்ஸென்று ஆவி வரும், கூடவே ஒரு இனிப்பு வாசனை. ஒரு இடத்தில் அரை நொடி கூடுதலாக நின்றால் கருகும், கொஞ்சம் அவசரப்பட்டால் படக்கென்று முறியும். இரண்டு பலகை முறிந்தன. மூன்றாவதுதான் இந்தக் கிட்டாரில் இருக்கிறது. அன்றைக்குப் பலாச்சுளை மாதிரி மஞ்சள். இப்போது பார்த்தால் தேன் நிறம்.

மாசிக் கடைசியில் கைக்கு வந்தது. தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள். கோவிலில் வாத்தியத்தை அடக்கித்தான் வாசிப்போம், அதனால் ஒன்றும் தெரியவில்லை. ஈஸ்டரின் பாஸ்கா இரவு வந்தது. வானவர் கீதம் தொடங்கி, மணியெல்லாம் அடிக்க, பிள்ளைகள் உச்சத்தில் பாடுகிறார்கள். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட். பிள்ளைகள் குரலுக்காக ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப், மாட்டியிருந்தேன். விரல் மேலே போகப் போகக் கிட்டார் ஒரு சுருதி, கீபோர்டு ஒரு சுருதி. பங்குச்சாமியார் பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். சாதாரணமாக அவர் திரும்பவே மாட்டார்.

திங்கட்கிழமை காலையில் பெருவெம்புக்குப் போனேன். ஆசாரி ஸ்கேலை எடுத்து அளந்தார். கம்பி நீளம் 648 மில்லிமீட்டர், அதைப் 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட், மிச்சத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது. இந்த எண்ணை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம், இப்படி ஒரு கணக்கு உண்டு என்று தெரிந்தால் போதும். பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில், 324-ல் நிற்கிறது. நிமிர்ந்து பார்த்துச் சொன்னார், "கணக்கு சரியாணு சேச்சி. பாட்டாணு தெற்று."

கணக்கு சரி, பாட்டுதான் தப்பாம்! நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் நீண்டு இறுகும், சுருதி ஏறும். அதை ஈடுகட்டக் கணக்குக்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் தள்ளித்தான் பிரிட்ஜை வைக்க வேண்டும், தடித்த கம்பிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. செண்டைக்கு இந்தத் தொல்லை கிடையாது. வீணையில் ஃப்ரெட்டை மெட்டு என்பார்கள், 24 மெட்டையும் மெழுகில் பதித்திருப்பார்கள், இளக்கி நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரில் ஃப்ரெட்டெல்லாம் அடித்து இறக்கியது. நகர்த்த முடிந்தது பிரிட்ஜ் ஒன்றுதான்.

கத்தியைச் சூடாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செருகி, தான் ஒட்டிய பிரிட்ஜைத் தானே பெயர்த்தார். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இரண்டரை மில்லிமீட்டர், அவர் கணக்கில் ஒரு நூலுக்கும் குறைவு, பின்னால் நகர்த்தி ஒட்டினார். பிரிட்ஜுக்கு முன்னால் அந்த அகலத்துக்கு ஒரு வெளுத்த கோடு இன்றும் இருக்கிறது. காசு வாங்கவில்லை. இதே தப்பு தூர ஊரிலிருந்து பார்சலில் வந்த கிட்டாரில் இருந்திருந்தால்? திருப்பி அனுப்புகிற கூலியே ஒரு தவணை ஆகியிருக்கும்.

எந்தக் கிட்டார் வாங்கினாலும் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை விரலால் லேசாகத் தொட்டபடி மீட்டி, உடனே எடுத்துவிடுங்கள், மணி மாதிரி ஒரு ஓசை வரும். அடுத்து அங்கேயே அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறி நின்றால் என் பாஸ்கா இரவை நினைத்துக்கொள்ளுங்கள். செய்கிறவரிடமும் தயங்காமல் சொல்லுங்கள், நல்ல ஆசாரி கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். பழைய கிட்டார் வாங்குவது, கம்பியின் தடிமன், இதெல்லாம் எழுதி வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பணம் கொடுத்தால் தேதியும் தொகையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், சிநேகம் கெடாது. புதுக் கிட்டாருக்கு மெல்லிய கம்பி போதும். வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள், பசை இளகிவிடும். ஆடி மாசம் சுவரில் சாய்க்காமல் பெட்டிக்குள் வையுங்கள்.

இப்போது ஒரு விரல். வாசிக்கலாம் என்றுதான் கொண்டுவந்தேன், பெட்டியின் கொக்கியைக்கூட இன்னும் கழற்றவில்லை. வணக்கம்.