ஒன்றாம் வகுப்பின் முதல் மூன்று வாரம்: மே மாதமே செய்து வைக்க வேண்டியவை

[காட்சி: பூட்டிய பள்ளி வாசல், மே மாத வெயில்]

வணக்கம். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்றாம் வகுப்பை எடுக்கப் போகிற அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்காக இந்த வீடியோ. நானும் அந்த வகுப்பு எடுப்பவள்தான்.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். முதல் நாள் மதியமே கால்சட்டையை நனைத்துவிட்டான். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று காலையிலேயே காட்டியிருந்தேன். போயும் இருக்கிறான். கதவின் தாழ்ப்பாள் அவன் கைக்கு எட்டவில்லை, சொல்ல வெட்கம். அப்புறம் நான்கு நாள் அவன் பள்ளிக்கே வரவில்லை. விடுமுறையில் உட்கார்ந்து அ, ஆ படங்கள் எல்லாம் வரைந்து ஒட்டியிருந்தேன். அந்தத் தாழ்ப்பாள் மட்டும் என் கண்ணில் படவில்லை. இன்று நினைத்தாலும் மனசு கனக்கிறது.

[காட்சி: காலி வகுப்பறை, தரையிலிருந்து எடுத்த கோணம்]

அதனால் மே கடைசியில் ஒரு நாள் பள்ளிக்குப் போங்கள். வகுப்பறைத் தரையில் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் உட்காருங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கரும்பலகை பளபளக்கிறதா? அப்படியென்றால் அந்த மூலையில் உட்காரும் பிள்ளைக்கு எழுத்தே தெரியாது. எழுந்து தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். எட்டாது என்றால் கீழே ஒரு கல் போடலாம். தாழ்ப்பாளில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டால் போதும், பிள்ளையே இழுத்துத் திறந்துகொள்ளும்.

[காட்சி: தட்டு கழுவும் பிள்ளைகள்]

சரி, முதல் வாரம். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆகவே பிள்ளையின் பள்ளி நாள் சாப்பாட்டுத் தட்டோடுதான் தொடங்குகிறது. தட்டை எங்கிருந்து எடுப்பது, எப்படி வரிசையில் நிற்பது, கழுவி எங்கே கவிழ்ப்பது என்பதைத் தினமும் ஒரே மாதிரி செய்து காட்டுங்கள். இதுதான் முதல் பாடம்.

மதியத்துக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். அங்கன்வாடியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சாப்பிட்டதும் தூங்கிப் பழக்கம். இரண்டு மணிக்குக் கண் சொருகும். ஒரு ஜமுக்காளத்தை விரித்துப் போட்டுவிடுங்கள். தூங்குகிற பிள்ளை தூங்கட்டும். ஒரு மாதத்தில் தானாக விழித்திருக்கப் பழகிவிடும்.

இரண்டு ஆசிரியர் பள்ளி என்றால் சிரமம் அதிகம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஆனால் வகுப்புகள் ஐந்து. புதுப் பிள்ளை அழும்போது மூன்றாம் வகுப்பைக் காக்க வைக்க முடியாது. பெரிய பிள்ளைகள் தாங்களே செய்யும் வேலைகளைப் பத்து நாளுக்கு, மே மாதமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஜூனில் நேரமே கிடைக்காது.

[காட்சி: ஆசிரியரின் கையில் சிறிய நோட்டு]

இரண்டாவது வாரத்துக்கு ஒரு நோட்டு போதும். ஆளுக்கு ஒரு பக்கம். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், யார் கொண்டுவந்து விடுகிறார்கள், வீட்டில் என்ன மொழி என்று எழுதுங்கள். ஓசூர்ப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், ‘தண்ணீர்’ என்றால் பேசாமல் நிற்கும் பிள்ளை ‘நீள்ளு’ என்றதும் சிரிக்கும். அது மந்தமான பிள்ளை இல்லை, தெலுங்கு பேசும் பிள்ளை. இதுவரை வாயே திறக்காத பிள்ளையின் நோட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.

மூன்றாவது வாரம் எழுத்துக்குப் போகலாம். 247 எழுத்துகளையும் சுவரில் பார்த்தால் பிள்ளை மிரளும். நான் ட, ப, ம என்று தொடங்குவேன். ட-வும் ப-வும் நேர்கோடுகள். மணலில் விரலால் இழுத்தாலே வந்துவிடும். அப்புறம் புள்ளி வைக்கக் காட்டினால் ‘படம்’, ‘பட்டம்’ என்று முழுச் சொல்லே கையில் இருக்கும்.

அந்தப் பையன் ஐந்தாம் நாள் அவன் பாட்டியோடு வந்தான். அதற்குள் கயிறு கட்டியிருந்தேன். உள்ளே போனான், வெளியே வந்தான், மறுபடியும் இழுத்துப் பார்த்தான். பாட்டியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான்.