பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? நடையும் சைக்கிளும் பற்றி ஒரு கதை

வணக்கம் உறவுகளே, எல்லாரும் சுகமா இருக்கிறீங்களா? இண்டைக்கு முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுப் பக்கம் றோட்டுக்கரையிலை நிண்டு கதைக்கிறன், பின்னாலை வாகனச் சத்தம் கேக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ. பிள்ளையள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தும் சைக்கிளிலையும் போறதைப் பற்றி வெளிநாடுகளிலை கன ஆராய்ச்சி நடந்திருக்கு, அதுகளை வாசிக்கேக்கை எங்கடை வன்னிப் பிள்ளையள்தான் கண்ணுக்கு முன்னாலை வந்தவை, அதுதான் இந்த வீடியோ.

முதல்லை டென்மார்க். 2012இலை நீல்ஸ் ஏகெலுண்ட் எண்ட பேராசிரியரும் அவரோடை ஆக்களும் கிட்டத்தட்ட 20,000 பிள்ளையளைச் சேர்த்து ஒரு ஆராய்ச்சி செய்தவை. அவை பாக்க வெளிக்கிட்டது சாப்பாட்டை, காலமையும் மத்தியானமும் சாப்பிடுறது படிப்பிலை கவனத்தைக் கூட்டுதோ எண்டு. ஆனா பாத்தா, சாப்பாட்டை விட, நடந்து அல்லது சைக்கிள் மிதிச்சு வந்த பிள்ளையளிட்டைதான் கவனம் கூட, அதுவும் வந்து 4 மணித்தியாலம் வரைக்கும் தெரிஞ்சிருக்கு. எங்கடை பள்ளிக்கூடம் ஏழரைக்குத் துவங்குது, கணக்குப் பாருங்கோ, இடைவேளை முடிஞ்ச பிறகும் அந்தப் பலன் இருக்கும்.

இங்கிலாந்திலை மேயர் ஹில்மன் எண்ட பேருள்ள ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் பாத்தது வேறை விசயம். 1971இலை 7, 8 வயதுப் பிள்ளையளிலை 100க்கு 80 பேர் தனியப் பள்ளிக்கூடம் போயிருக்கினம், 1990இலை அது வெறும் 9 பேர். தாய்தேப்பன் சொன்ன முதல் காரணம் வாகனப் பயம். றோட்டிலை பிள்ளையள் அடிபடுறது குறைஞ்சது றோட்டு நல்லா வந்ததாலை இல்லை, பிள்ளையளை றோட்டுக்கே விடாததாலை எண்டு அவர் சொல்லுறார். எனக்கு நெஞ்சிலை குத்தின இடம் இதுதான், ஏனெண்டா இஞ்சையும் இப்ப அதுதான் துவங்குது. பள்ளிக்கூடம் அரைக் கிலோமீற்றர் இருக்காது, அதுக்கும் மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போய் கேற்றடியிலை இறக்கிறம். நான் தாய்மாரைக் குறை சொல்லேல்லை, மணல் ஏத்தின டிப்பர் போற போக்கைப் பாத்தா ஆருக்கும் பயம் வரும். ஆனா அந்தக் கேற்றடியிலை காலமை மோட்டச்சைக்கிள் நிக்கிற நெரிசலாலை, நடந்து வாற மற்றப் பிள்ளைக்கும் ஆபத்து கூடுது.

சரி, அப்ப எல்லாரும் நடவுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போகேலுமோ? ஏலாது. ஒட்டுசுட்டான் நெடுங்கேணிப் பக்கம் யானை வாற பாதை, முறிகண்டி மாங்குளம் பக்கம் ரயில் பாதை, மாரியிலை கிரவல் றோட்டு முழுக்கச் சேறு, அதுக்குள்ளாலை நாலு கிலோமீற்றர் நடந்து வாற பிள்ளை வகுப்பிலை நித்திரை தூங்கும். டென்மார்க் பிள்ளைக்கு நல்லதாப் போன அதே நடை இந்தப் பிள்ளைக்கு வதை. தூரத்திலைதான் எல்லாம் இருக்கு.

சம்பியா நாட்டிலை பள்ளிக்கூடத்துக்கு 3 கிலோமீற்றருக்கு மேலை போற பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சைக்கிள் குடுத்துப் பாத்திருக்கினம். போற நேரம் மூண்டிலை ஒரு பங்கு குறைஞ்சிருக்கு, பள்ளிக்கூடம் வராமல் நிக்கிற நாளும் கால்வாசிக்கு மேலை குறைஞ்சிருக்கு. அந்தச் சைக்கிளைக் குடுத்த வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் எண்ட நிறுவனம் துவங்கினதே 2005இலை, சுனாமிக்குப் பிறகு எங்கடை இலங்கைச் சனத்துக்குச் சைக்கிள் குடுக்கத்தான்.

இந்தியாவிலை பீகாரிலையும் 2006இலை 9ஆம் வகுப்புப் பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சைக்கிள் வாங்க அரசாங்கம் காசு குடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் எண்ட ரெண்டு பொருளியல் ஆய்வாளர் பக்கத்து மாநிலமான ஜார்கண்டோடை ஒப்பிட்டுப் பாத்தினம். அந்த வயதுப் பொம்பிளைப் பிள்ளையள் மேல்வகுப்பிலை சேருறது 32 சதவீதம் கூடியிருக்கு, ஆம்பிளைப் பிள்ளையளுக்கும் அவைக்கும் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைஞ்சிருக்கு. கூடின பலன் ஆருக்கு? பள்ளிக்கூடம் 3 கிலோமீற்றருக்கு அங்காலை இருக்கிற ஊராக்களுக்கு.

இதை இஞ்சை வைச்சுப் பாருங்கோ. ஆரம்பப் பள்ளிக்கூடம் ஊருக்குள்ளை இருக்கும், தரம் 5 முடிய தூரம் கூடுது, ஏ.எல். எண்ட உயர்தரத்திலை விஞ்ஞானம் படிக்கோணும் எண்டா அந்தப் பிரிவு இருக்கிற 1ஏபி வகைப் பள்ளிக்கூடம்தான், அதுக்கு கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு எண்டு போகோணும். பிள்ளை வளர வளர பள்ளிக்கூடம் விலகிப் போகுது, பஸ்ஸும் நேரத்துக்கு வராது. கெட்டிக்காரப் பிள்ளையள் இந்தத் தூரத்தாலை பாடத்தை மாத்திறது எனக்குத் தாங்கேலாமல் இருக்கு.

வெளிநாட்டிலை இருக்கிற உறவுகளே, பழைய மாணவர் சங்கங்களே, உங்களிட்டை மண்டபமும் வளைவும் கேக்கேல்லை. தரம் 6க்குப் போற பிள்ளையளிலை ஆருக்கு 3 கிலோமீற்றருக்கு மேலை எண்டு அதிபரிட்டைக் கேட்டு அவைக்குச் சைக்கிள் குடுங்கோ, லைட்டும் கரியரும் போட்டு. அதோடை ரயர், ரியூப்புக்கும் கொஞ்சக் காசு ஒதுக்குங்கோ, ஒட்டுப்போடக் காசில்லாட்டிச் சைக்கிள் வீட்டிலைதான் நிக்கும். பிரதேச சபை ஆக்கள் ஐப்பசி மழைக்கு முதல் பள்ளிக்கூட றோட்டுக்குக் கிரவல் போடுங்கோ. டிப்பர் முதலாளிமாரே, காலமை ஆறரையிலையிருந்து எட்டு மணி வரைக்கும் வாகனத்தை நிப்பாட்டி வையுங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன்.

கீழை கொமென்ட்டிலை உங்கடை ஊர், பிள்ளை எத்தினையாம் தரம், எவ்வளவு தூரம், எதிலை போறார் எண்டு எழுதுங்கோ, பிள்ளையின்ரை பேர் வேண்டாம். வாறதை ஊர் ஊராப் பிரிச்சு எழுதி வலயக் கல்விப் பணிமனைக்குக் கொண்டுபோய்க் குடுப்பன்.